நீலப் பேண்டும் பெரிய எழுத்து வேதாகமமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அச்சடிக்கிறவர்கள்தான் இப்போதெல்லாம் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். மாத்திரை அட்டையில் ஆரம்பித்தார்கள், பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போனார்கள், கடைசியில் வேதாகமத்திலும் கை வைத்துவிட்டார்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடம் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், என் கை நீளம் போதவில்லை. ஆறாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் எடுக்கிறவள் சபை நடுவே திக்கி நிற்க முடியுமா? பாதியை மனப்பாடத்திலும் மீதியை அனுமானத்திலும் வாசித்து முடித்தேன். அன்றைக்கு ஏசாயா தீர்க்கதரிசி சொல்லாத இரண்டு வசனங்களையும் சபையார் பயபக்தியோடு கேட்டார்கள்.

“வெள்ளெழுத்து டீச்சர், கண்ணாடி போடுங்க” என்று கண் டாக்டர் சொன்னார். கண்ணாடியும் வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது, ‘டெபோரா டீச்சருக்கு வயசாகிவிட்டது’ என்று தெருவில் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி இருந்தது. அதனால் அதை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு, பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வாங்கினேன். என் வீட்டுக்காரர் கிங்ஸ்டன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, கண்ணாடி இத விட லேசால்லா இருக்கும்” என்றார்.

நான் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தேன். சில பேச்சுகளுக்குப் பதில் சொன்னால் வளர்ந்துகொண்டே போகும்.

ஆனால் அந்த வேதாகமத்துக்குப் பை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டைத் தெருக்களில் நின்று பார்த்தால் தெரியும், கோயிலுக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு வேதாகமப் பை தொங்கும். பூப்போட்டது, ஜிப் வைத்தது, குஞ்சம் வைத்தது என்று விதவிதமாக இருக்கும். என் புத்தகம் எந்தப் பையிலும் நுழையவில்லை. கூடவே பாமாலைப் புத்தகம், கைக்குட்டை, காணிக்கைக் கவர் எல்லாம் போக வேண்டும். கோடை விடுமுறை, வீட்டில் மெஷின் இருக்கிறது, நானே தைத்துவிடுவதென்று முடிவு செய்தேன். பழைய சேலையில் தைத்தால் இந்தக் கனத்துக்கு ஒரு மாதத்தில் அறுந்து விழும். பேண்ட் துணிதான் தாங்கும்.

எங்கள் பீரோவில் கிங்ஸ்டனின் பழைய பேண்ட் இரண்டு தொங்கின. இரண்டும் அந்தக் காலத்துத் தையல், இடுப்பில் மடிப்பு வைத்து, காலில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்தவை. ஒன்று கறுப்பு. கூட்டுறவுச் சங்க வேலைக்குப் போட்டுப் போனது, இடுப்பு பத்தாமல் ஓய்வு பெற்றது. இன்னொன்று கருநீலம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை இருந்தால் யாரும் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மாப்பிள்ளைக்கு அவருடைய ஊர்க் கோயிலில் வாசிப்பார்கள், பெண்ணுக்குப் பெண்ணுடைய கோயிலில் வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணுடைய கோயிலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. கிங்ஸ்டன் வந்தார். வள்ளியூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, எங்கள் கோயிலில் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, யாராவது தடை சொல்லிவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்றாராம். பெண்கள் பக்கம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. ஓலை வாசித்து முடிக்கிற வரைக்கும் நான் பார்த்தது அந்த நீலப் பேண்டின் கத்தி மாதிரி நின்ற இஸ்திரி மடிப்பை மட்டும்தான். அந்த நிமிடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த மடிப்பைப் பார்த்து இந்த மே மாதத்தோடு இருபத்தைந்து வருடம். திருமண நாளன்று அதே பேண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் என்னோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்பது கிங்ஸ்டனின் சபதம். அந்தப் பேண்டின் இடுப்பு முப்பது. கிங்ஸ்டனின் இடுப்பு இந்த வருடத் தொடக்கத்தில் முப்பத்தாறு.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஆளாளுக்குப் பிடித்தது எதையாவது விடுவார்கள். இவர் புரோட்டாவை விட்டார். நெல்லைக்காரன் அல்வாவை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை, அதையும் விட்டார். ஈஸ்டர் வந்தது, ஊரெல்லாம் பிரியாணி சாப்பிட்டது, இவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். காலையும் மாலையும் மைதானத்தைச் சுற்றி நடந்தார். தினமும் காலையில் என் தையல் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். சனிக்கிழமை தோறும் பேண்டைப் போட்டுப் பார்த்தார். முதல் சனிக்கிழமை தொடைக்கு மேல் ஏறவில்லை. பெரிய வெள்ளிக்கு மறுநாள் ஜிப் பாதி ஏறியது. போன சனிக்கிழமை ஜிப் முழுவதும் ஏறி, கொக்கிக்கும் அது மாட்ட வேண்டிய இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் பாக்கி. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. வாயால் சொல்லவில்லை. வாத்தியார் புத்தி, பரீட்சை முடியாமல் மார்க் போட மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமைதான் கடைசி ஒத்திகை. திங்கட்கிழமை திருமண நாள்.

வியாழக்கிழமை காலையில் பை தைக்கப் பேண்ட் கேட்டேன்.

“கறுப்ப எடுத்துக்கோ” என்றார். “நீலத்தத் தொட்டுராத. பாத்து எடு.”

“எனக்குக் கண்ணு தெரியாதா?” என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் நடக்கப் போயிருந்தார். கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. பீரோவைத் திறந்தேன். எதற்கும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பேண்டின் இடுப்புக்கு உள்பக்கம் தைத்திருந்த டெய்லர் லேபிளைப் பார்த்தேன். நீலம் வள்ளியூரில் தைத்தது, கறுப்பு இங்கே பாளையங்கோட்டையில் தைத்தது. லேபிளில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதற்குள் என்னவோ நெளிந்தது. கண்ணாடி இருந்த டிராயர் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. பாளையங்கோட்டை என்றே நெளிகிறது என்று நானாக வாசித்துக்கொண்டேன். ஏசாயாவுக்குச் செய்ததை டெய்லருக்கும் செய்தேன், அவ்வளவுதான்.

பேண்டை விரித்துப் போட்டுச் சாக்பீஸால் கோடு போட்டேன். இடுப்புப் பகுதியில் வாரும் கொக்கியும் ஜிப்பும் தடிப்பாக இருக்கும், ஊசி உடையும். அதனால் அதை விட்டுவிட்டுத் தொடைக்குக் கீழே இரண்டு காலையும் வெட்டி எடுத்தேன். கால்களின் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்ததும் நல்ல அகலமான துணி கிடைத்தது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தோளில் மாட்ட நீளமாக ஒரு வார். எல்லாம் அளவாக வெட்டி அடுக்கினேன். மிச்சமிருந்த இடுப்புப் பகுதி டவுசர் மாதிரி கிடந்தது. சூடான ரசச் சட்டியை இறக்க அன்றைக்கு அதைத்தான் பிடித்துணியாக வைத்துக்கொண்டேன். நன்றாகவே சூடு தாங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில், கிங்ஸ்டன் வேலைக்குப் போன பிறகு, துண்டுத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பாளை மார்க்கெட் பக்கம் மதார் பாய் கடைக்குப் போனேன். தையல் சாமான் எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வாங்குவேன்.

“பாய், இந்தத் துணிக்கு ஒரு கறுப்பு நூலும், ஒரு அடி கறுப்பு ஜிப்பும் குடுங்க.”

மதார் பாய் துணியை வாங்கி, கடை வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், இது கறுப்பு இல்லல்லா. நீலம்.”

“நல்லாப் பாருங்க.”

“நாப்பது வருசமா நூல்தான் விக்கேன், டீச்சர். இது நீலம்தான்.”

ஒரு கறுப்பு நூல்கண்டை எடுத்து அந்தத் துணியின் மேல் வைத்தார். கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. மார்க்கெட் வெயிலில் எனக்கு வேர்த்த வேர்வை முழுவதும் வெயிலால் வந்தது அல்ல.

“என்ன டீச்சர், வெட்டியாச்சா?”

“வெட்டியாச்சு, பாய்.”

“பொறவு என்ன. நீல நூல்லயே தைங்க. கறுப்புல தச்சா ரெண்டு தப்பாயிரும்.”

வீடு வந்து சேரும் வரைக்கும் யோசித்தேன். திரும்ப ஒட்டித் தைக்க வழி இல்லை, கால்கள் இப்போது கால்களாகவே இல்லை. உண்மையைச் சொல்லலாம். மூன்று மாதம் பட்டினி கிடந்த மனிதனிடம், ‘உங்கள் பேண்டை வெட்டிவிட்டேன், ஏனென்றால் டிராயர் வரைக்கும் நடக்க எனக்கு வீம்பு விடவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அப்போதுதான் அந்தக் கெட்ட எண்ணம் வந்தது. நாளைக் காலையில் டேப்பில் இரண்டு விரல் கூடிவிட்டால் என்ன? அவரே மனம் விட்டுப்போய், ‘சவத்த விடு’ என்று பேண்டைக் கேட்காமல் இருந்துவிடுவார். பிறகு அந்தத் துணியில் நான் பை தைத்தால் என்ன, கூடாரம் தைத்தால் என்ன?

திரும்பி மார்க்கெட்டுக்கே போனேன். ஆட்டுக்கறி வாங்கினேன். அல்வாவும் வாங்கினேன், சூடாக, இலையில் எண்ணெய் கசிகிற பதத்தில்.

மதியம் சாப்பிட வந்த கிங்ஸ்டன் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

“ஏட்டி, இன்னைக்கு யாரு வாரா?”

“யாரும் வரல. உங்களுக்குத்தான். மெலிஞ்சு போயி இருக்கிய, பாக்கவே சங்கடமா இருக்கு.”

அவர் கறிச்சட்டியைத் திறந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். பிறகு தட்டத்தை வைத்து மூடிவிட்டு மோரை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அல்வாவை நீட்டினேன். விரல் நுனியால் தொட்டுவிட்டு அந்த விரலையும் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு ஒரு நாள்தான். கொக்கி மட்டும் மாட்டட்டும், பொறவு சட்டியோட திங்கேன். நீ இவ்வளவு பிரியமா செஞ்சிருக்க, அதுவே எனக்கு வயிறு நெறஞ்சு போச்சு.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிரியம் என்று சொன்னாரே, அதுதான் தாங்கவில்லை. என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் நடக்கப் போன நேரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து நீல நூலில் பையைத் தைத்தேன். உள்ளே என் பழைய பருத்திச் சேலையை லைனிங்காகக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் தைத்ததே இல்லை. தண்டனை எழுத்து எழுதும் பிள்ளை மாதிரி ஒவ்வொரு தையலையும் எண்ணிப் போட்டேன்.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மகள் டார்லின் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு அவர் முறை. முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அன்பின் ஆண்டவரே, இருபத்தைந்து வருடம் எங்களைக் காத்து நடத்தினீரே, ஸ்தோத்திரம். டார்லினுடைய பரீட்சையை ஆசீர்வதியும். டெபோராவுடைய கண்களுக்கு நல்ல பார்வையைத் தாரும். நாளைக்கு அந்தக் கொக்கி விஷயத்திலும் கிருபை செய்யும். ஆமென்.”

நான் ஆமென் சொல்லவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

“என்ன?”

எழுந்து போய் பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

“இது கறுப்பு இல்லங்க” என்றேன். “நீலம். நான் கண்ணாடி போடாம வெட்டிட்டேன். கறியும் அல்வாவும் அதுக்குத்தான் வாங்குனேன். நாளைக்கு உங்களுக்கு டேப்புல கூடிரட்டும்னு.”

கிங்ஸ்டன் பையை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தார். திருப்பிப் பார்த்தார். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். தையல் ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனார்.

“தையல் நேரா இருக்கு” என்றார் கடைசியில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவது மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

“சரி, அழாத. மேல் பாதி எங்கன?”

“எதுக்கு?”

“எங்கனன்னு சொல்லு.”

மெஷினுக்கு அடியில் மடித்து ஒளித்துவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் ரசக் கறை. அதையும் ஒரு பார்வை பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு சத்தமே இல்லை. நாளை வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கலாமோ, ஒரு நாள் முன்னால் போட்டு, மாட்டாமல் போய், அதுவும் என் தலையில் விடியப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

மேலே ஆபீஸ் சட்டையை உள்ளே விட்டிருந்தார். கீழே தொடை வரைக்கும் கருநீலம், ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு ஒல்லிக் கால். சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். கொக்கி மாட்டியிருந்தது.

“மூச்சப் பிடிச்சிருக்கியளா?” என்றேன்.

“விட்டாச்சு. பாரு, இன்னும் மாட்டித்தான் இருக்கு.”

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆண்கள் பக்கம் முதல் வரிசைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பில் கொக்கி தெறித்துவிடுமோ என்று இரண்டு பேரும் பயந்து ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினோம்.

“முப்பது இஞ்சுன்னு நாந்தான சபதம் போட்டேன்” என்றார். “இடுப்புக்குத்தான் போட்டேன். காலுக்கு இல்ல.”

பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டுதான் அல்வாவிலும் கறியிலும் கை வைத்தார். மூன்று மாதக் கணக்கை அன்றைக்கே தீர்த்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். கறுப்புப் பேண்டிலிருந்து துணி எடுத்து அந்தப் பைக்கு வெளியே ஒரு சின்னப் பாக்கெட் வைக்க வேண்டும். டிராயரில் இருக்கிற கண்ணாடி அந்தப் பாக்கெட்டுக்கு வர வேண்டும். திங்கட்கிழமை ஸ்டுடியோவில் அது என் மூக்கில் இருக்க வேண்டும். நான் மறுபேச்சு பேசவில்லை, என் இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. சனிக்கிழமை பாக்கெட்டைத் தைத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. நீலத்தின் மேல் கறுப்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கஞ்சிதான் கொடுத்தேன், அல்வாவுக்குப் பரிகாரமாக.

திங்கட்கிழமை சாயங்காலம் தேவமணி அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குப் போனோம். எங்கள் கல்யாணப் படமும் அவர் எடுத்ததுதான். கிங்ஸ்டன் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி கேமராவிலிருந்து தலையை எடுத்து அவர் காலைப் பார்த்தார்.

“என்ன வே இது?”

“நீரு தொடைக்கு மேல மட்டும் எடும் வே.”

“கோட்டு சூட்டு இருக்கு, போட்டுக்கிடுதீரா?”

“இதவிட ஒசந்த துணி ஒம்ம கடையில இல்ல. எடும்.”

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். கண்ணாடி வழியாக முதல் தடவை இவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மீசை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. கண்ணோரம் சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள் இருந்தன. நன்றாகத்தான் இருந்தார். வாயால் சொல்லியே விட்டேன்.

“நல்லா இருக்கிய.”

“இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றார், நேரே கேமராவைப் பார்த்தபடி.

படம் வந்ததும் டார்லினுக்குப் போனில் அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டாள்.

“அப்பா, அந்தப் பேண்டப் போடணும்னுதான மூணு மாசம் பட்டினி கெடந்திய? பாதிதான தெரியுது? முழுசா எடுத்திருக்கலாம்லா?”

கிங்ஸ்டன் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, என் பையைப் பார்த்துச் சொன்னார்.

“முழுசாத்தான் இருக்கு மக்கா. மேல் பாதி எங்கிட்ட, கீழ் பாதி உங்கம்மா கையில. நல்லாப் பாரு.”